காசோலையில் யார் பெயர்?



விவசாயிகளுக்கு அரசு பணம் தருகிறது என்று செய்தி வந்தால், எத்தனை கோடி என்பதைத்தான் நாங்கள் தலைப்பில் போடுகிறோம். ஏக்கருக்கு எவ்வளவு, எத்தனை தவணை, வங்கிக் கணக்கில் எப்போது ஏறும் என்று அடுத்தடுத்து விசாரித்து எழுதுகிறோம். யார் பெயரில் ஏறும் என்ற கேள்வி பல நேரம் கடைசிப் பத்தியில்கூட வருவதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது, அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள ஒரு பருத்திச் சீமையின் கதை. சன்ஃபிளவர் கவுண்டி என்பது அதன் பெயர்; கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. இந்த மாதம் அதைப் பற்றி உங்களிடம் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

மிசிசிப்பி ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் உருவான சமவெளி அது, டெல்டா என்பார்கள். கறுத்த, ஆழமான மண். ஊடே ஓடும் சன்ஃபிளவர் ஆற்றின் பெயரையே கவுண்டிக்கும் வைத்துவிட்டார்கள். இண்டியனோலா அதன் தலைமை ஊர். புளூஸ் இசை கேட்கும் நண்பர்களுக்கு பி.பி. கிங் வளர்ந்த ஊர் என்றால் சட்டென்று தெரியும். சார்லி பேட்டன் பாடித் திரிந்த டாக்கரி பண்ணையும், கைதிகளைக் கொண்டே பருத்தி விளைவித்த பார்ச்மன் சிறைப்பண்ணையும் இந்தக் கவுண்டிக்குள்தான் இருக்கின்றன. 1930-ல் இங்கே 60,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 26,000 பேர்கூட இல்லை. மற்றவர்கள் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் ரயிலேறிப் போனார்கள். பருத்தி எடுக்கும் இயந்திரம் வந்து அவர்களைத் துரத்தியது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான். இயந்திரத்துக்கு முன்பே அவர்களைக் கிளப்பத் தொடங்கியது, விவசாயத்தைக் காப்பாற்ற என்று அரசு கொடுத்த பணம்.

1929-ல் ஒரு பவுண்டு பஞ்சு 16 சென்டுக்கு மேல் விற்றது. 1931-ல் 6 சென்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. எடுத்த கூலிக்குக்கூடக் கட்டாது என்று பஞ்சைச் செடியிலேயே விட்டவர்கள் உண்டு. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பதவியேற்ற இரண்டே மாதத்தில், 1933 மே 12 அன்று, வேளாண்மைச் சரிக்கட்டல் சட்டத்தில் கையெழுத்திட்டார். விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும், குறைப்பவருக்கு அரசு பணம் தரும் என்பது திட்டம். ஆனால் சட்டம் வருவதற்குள் பருத்தி முளைத்து வயலில் நின்றுகொண்டிருந்தது. ஆகவே நின்ற பயிரை உழுது அழிக்கச் சொன்னார்கள். அந்தக் கோடையில் அமெரிக்காவில் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் பருத்தி மண்ணோடு மண்ணாக உழப்பட்டது. வாழ்நாளெல்லாம் செடியை மிதிக்காமல் சாலில் நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள், செடி மேல் ஏர் இழுக்க மறுத்து நின்றன என்று அந்தக் காலத்துக் கதைகள் சொல்கின்றன.

நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். விலை சரிந்து கடனில் மூழ்கிக்கொண்டிருந்த லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அந்தப் பணம் மூச்சுவிட இடம் கொடுத்தது. விலையும் ஏறத்தான் செய்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. டெல்டாவில் நிலம் வைத்திருந்தவர் ஒருவர், அதில் உழுதவர் வேறொருவர்.

அங்கே பெரும்பாலான கறுப்பினக் குடும்பங்கள் வாரத்துக்கு உழுதவர்கள். நிலம், விதை, கழுதை, குடிசை எல்லாம் பண்ணையாருடையது. உழைப்பு மட்டும் குடும்பத்தினுடையது, ஐந்தாறு வயதுக் குழந்தையின் உழைப்பையும் சேர்த்து. விளைச்சலில் பாதி பண்ணையாருக்கு, பாதி உழுதவருக்கு. அந்தப் பாதியிலும் ஆண்டு முழுவதும் பண்ணைக் கடையில் கடனுக்கு வாங்கிய மாவு, பன்றிக்கொழுப்பு, செருப்பு, வட்டி எல்லாம் கழியும். கணக்கு நோட்டு பண்ணையார் கையில் இருக்கும். டிசம்பரில் கணக்கு முடிக்கும்போது பாக்கி விழுந்தால் அதைச் சுமந்துகொண்டு அடுத்த ஆண்டும் அதே நிலத்தில் ஏர் பூட்ட வேண்டும். எழுத்தறிவில்லாத ஒருவர் அந்த நோட்டைக் காட்டுங்கள் என்று கேட்டுவிட முடியாது. கறுப்பினத்தவர் கேட்பதை நினைத்துப் பார்க்கவே முடியாது.

இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குள் அரசின் பணம் வந்து இறங்கியது. 1934, 1935-க்கான பருத்தி ஒப்பந்தத்தைப் பாருங்கள். பயிரிடாமல் விட்ட நிலத்துக்கு, அதில் விளைந்திருக்கக்கூடிய ஒவ்வொரு பவுண்டு பஞ்சுக்கும் நாலரை சென்ட் என்று அரசு கணக்கிட்டது. அதில் மூன்றரை சென்ட் நிலவாடகை. வாரத்துக்கு விட்ட நிலமென்றால் அது முழுவதும் நிலச் சொந்தக்காரருக்கே. மிச்சம் ஒரு சென்ட், அதை இருவரும் பாதிப்பாதி பிரித்துக்கொள்ள வேண்டும். ஆக, பண்ணையாருக்கு நாலு, உழுதவருக்கு அரை. அந்த அரை சென்டும் பண்ணையார் கை வழியாகத்தான் வந்தது. பழைய கடனுக்கு ஈடு என்று அவர் அதை எடுத்துக்கொண்டால் போய்க் கேட்க ஓர் இடம் இல்லை. வாரக்குடியை விலக்கிவிட்டு அதே ஆளைத் தினக்கூலிக்கு வைத்தால் அந்த அரை சென்டும் மிச்சம். பண்ணையார்கள் அதைத்தான் செய்தார்கள். பயிரிடும் நிலம் குறைந்தபோது அத்தனை குடும்பமும் தேவைப்படவில்லை. கடையில் கடன் நிறுத்தப்பட்டது, குடிசையைக் காலி செய்யச் சொன்னார்கள்.

இதைத் தடுக்க ஒப்பந்தத்தில் ஏழாவது பிரிவு ஒன்று இருந்தது. வழக்கமாக வைத்திருக்கும் குடிகளின் எண்ணிக்கையை நிலச் சொந்தக்காரர் ‘இயன்றவரை’ குறைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது அது. இயன்றதா இல்லையா என்று தீர்மானிப்பவரும் அதே நிலச் சொந்தக்காரர்தான். பக்கத்து ஆர்கன்சா மாநிலத்தில் டைரான்சா என்ற சிற்றூரில், 1934 ஜூலையில், வெளியேற்றப்பட்ட கறுப்பினக் குடிகளும் வெள்ளைக் குடிகளும் ஒரே அறையில் உட்கார்ந்து தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே பெஞ்சில் உட்கார முடியாத காலம் அது. வாஷிங்டனில் வேளாண் துறையிலேயே ஜெரோம் ஃபிராங்க் என்ற வழக்கறிஞரும் அவருடைய இளம் சகாக்களும் அந்த ஏழாவது பிரிவுக்குப் பல் வைக்கப் பார்த்தார்கள். ஒப்பந்த காலம் முடியும்வரை அதே குடிகளை அதே நிலத்தில் வைத்திருக்க வேண்டும் என்று விளக்கம் எழுதினார்கள். 1935 பிப்ரவரியில் திட்டத்தின் தலைவர் செஸ்டர் டேவிஸ் அந்த விளக்கத்தை ரத்து செய்து, ஃபிராங்க்கையும் சிலரையும் வேலையைவிட்டு அனுப்பினார். அமைச்சர் ஹென்றி வாலஸ் டேவிஸின் பக்கம் நின்றார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் வேளாண் குழுக்களில் தென் மாநிலத்தவர் கை ஓங்கியிருந்தது, அவர்களைப் பகைத்துக்கொண்டு எந்தச் சட்டமும் நகராது என்பது அவருக்குத் தெரியும்.

திட்டத்தின் நிதிப் பொறுப்பில் இருந்தவர் ஆஸ்கர் ஜான்ஸ்டன். சன்ஃபிளவருக்குப் பக்கத்தில் போலிவர் கவுண்டியில் இருந்த, நாட்டின் மிகப் பெரிய பருத்திப் பண்ணைகளில் ஒன்றான டெல்டா அண்ட் பைன் லேண்ட் நிறுவனத்தின் தலைவரும் அவர்தான். அரசிடம் பெருந்தொகை வாங்கிய பண்ணைகளில் அதுவும் ஒன்று.

அடுத்து கவுண்டிக் குழுக்களைச் சொல்ல வேண்டும். வாஷிங்டன் சட்டம் போடுமே தவிர, யாருக்கு எத்தனை ஏக்கர் பருத்தி அனுமதி, யாருடைய விளைச்சல் கணக்கு சரி என்று முடிவு செய்தவை உள்ளூர் விவசாயிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழுக்கள். காகிதத்தில் பார்த்தால் எவ்வளவு அழகான ஏற்பாடு! நம் ஊர் ஆட்கள், நம் மண் தெரிந்தவர்கள். ஆனால் டெல்டாவில் அந்தக் குழு என்பது பண்ணையார்களின் கூட்டம். சொந்தமாக இருபது, முப்பது ஏக்கர் வைத்திருந்த கறுப்பின விவசாயிக்கு அனுமதி ஏக்கரை வெட்டுவதற்கும் கடன் மனுவைக் கிடப்பில் போடுவதற்கும் ஒரு தலையசைப்பு போதும். 1964-65-ல் மாணவர் இயக்கத்து இளைஞர்கள் வாக்காளர் பதிவுக்காக மிசிசிப்பிக்கு வந்தபோது, பொதுத் தேர்தலோடு இந்தக் குழுத் தேர்தல்களிலும் கறுப்பின விவசாயிகளை நிறுத்தினார்கள். செனட் இருக்கையைவிட இந்தக் குழு நாற்காலிதான் ஒரு குடும்பத்தின் அடுப்புக்கு அருகில் இருக்கிறது என்று அவர்கள் கண்டுகொண்டதை மிகப் பெரிய அறிவு என்று நினைக்கிறேன்.

இயந்திரத்தின் கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1944 அக்டோபரில் கிளார்க்ஸ்டேல் அருகே ஹாப்சன் பண்ணையில் பருத்தி எடுக்கும் இயந்திரங்களை ஊரறிய ஓட்டிக் காட்டினார்கள். ஓர் ஆள் மணிக்கு 20 பவுண்டு எடுத்தால் அது 1,000 பவுண்டு எடுத்தது. பிறகு களைக்கொல்லி வந்தது, களைக்கொத்துக்கும் ஆள் தேவைப்படவில்லை. டிராக்டரும் இயந்திரமும் வாங்க முதல் வேண்டுமே, அதற்குக் கைகொடுத்ததில் அரசின் காசோலைக்கும் பங்கு உண்டு. ஆளை வெளியேற்றக் கொடுத்த பணம் அல்ல அது. ஆனால் அது சேர்ந்த கை ஆளை வெளியேற்றுவதற்கு அதைப் பயன்படுத்தியது.

இனி, ஒரே கவுண்டியில் சில மைல் தூரத்தில் வாழ்ந்த இரண்டு பேரைப் பற்றி.

ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட் 1904-ல் டாட்ஸ்வில் ஊரில் பிறந்தவர். அங்கே அவருடைய குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் பண்ணை இருந்தது. 1943 முதல் 1978 வரை செனட்டர். நீதித்துறைக் குழுவின் தலைவராக 1956 முதல் 22 ஆண்டுகள் உட்கார்ந்து, குடிமை உரிமைச் சட்டங்களை முடிந்தவரை முடக்கியவர் என்றே வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. அவர் வேளாண் குழுவிலும் உறுப்பினர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பருத்திக்கு எவ்வளவு பணம் என்று முடிவு செய்த மேசையிலும் அவர் இருந்தார், அந்தப் பணத்தை வாங்கிய வரிசையிலும் அவர் இருந்தார்.

ஃபேனி லூ ஹேமர் 1917-ல் வாரக்குடிக் குடும்பம் ஒன்றில் இருபதாவது குழந்தையாகப் பிறந்தார். இரண்டு வயதில் பெற்றோரோடு சன்ஃபிளவர் கவுண்டிக்கு வந்தார். ஆறு வயதில், கடையிலிருந்து தின்பண்டம் தருகிறேன் என்று பண்ணையார் ஆசை காட்ட, பருத்தி எடுக்க இறங்கினார். அவருடைய அப்பா ஒருமுறை எப்படியோ காசு சேர்த்து, சொந்தக் கழுதைகள் வாங்கி, நிலத்தை ரொக்கக் குத்தகைக்கு எடுத்தார். வாரத்திலிருந்து குத்தகைக்கு ஏறுவது அந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய படி என்பது விவசாயம் தெரிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாரோ தீவனத்தில் விஷம் கலந்தார்கள். கழுதைகள் செத்தன, குடும்பம் மறுபடி வாரத்துக்கே வந்து சேர்ந்தது. இதை ஹேமர் பின்னாளில் மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

வளர்ந்து, மணமாகி, ரூல்வில் அருகே ஒரு பண்ணையில் 18 ஆண்டுகள் வேலை செய்தார். எழுதப் படிக்கத் தெரிந்ததால் ஆட்கணக்கு எழுதும் பொறுப்பும் அவருக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 31 அன்று வாக்காளராகப் பதிவு செய்ய மற்றவர்களோடு பேருந்தில் இண்டியனோலாவுக்குப் போனார். அன்றைக்கே பண்ணையைவிட்டு வெளியேற்றப்பட்டார். கணவர் மட்டும் அறுவடை முடியும்வரை இருந்து வேலை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 1963 ஜூனில் வினோனா சிறையில் அவருக்கு விழுந்த அடி கடைசிவரை உடம்பில் இருந்தது. 1964-ல் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவர் கொடுத்த சாட்சியம் தொலைக்காட்சி வழியாக நாடு முழுவதும் போனது. இந்தப் பகுதி உலகத்துக்குத் தெரிந்ததுதான். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது.

1960களின் நடுவில் டெல்டாவில் பசி தலைவிரித்தாடியது. களைக்கொத்துக்கு நாளெல்லாம் நின்றாலும் 3 டாலர்தான் கூலி. 1965-ல் அதை எதிர்த்துப் போலிவர் கவுண்டியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1967 பிப்ரவரியில் விவசாயத் தொழிலாளர்களுக்கும் மணிக்கு ஒரு டாலர் குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் அதே வேளையில், பருத்திப் பரப்பைக் குறைக்கச் சொல்லி அரசு பண்ணையார்களுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. குறைந்த பரப்பு, கூடிய கூலி, கையில் இயந்திரம். ஆட்களை நிறுத்திவிட்டார்கள். கவுண்டிகள் இலவச உணவுப் பொருட்களை நிறுத்திவிட்டு உணவுச் சீட்டுக்கு மாறின. அந்தச் சீட்டையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கூலியே இல்லாதவர் எதைக் கொடுத்து வாங்குவார்? 1967 ஏப்ரலில் செனட்டர்கள் ராபர்ட் கென்னடியும் ஜோசப் கிளார்க்கும் டெல்டாவுக்கு வந்து, குடிசைகளுக்குள் நுழைந்து, வயிறு வீங்கிய குழந்தைகளைப் பார்த்தார்கள். மேரியன் ரைட் என்ற இளம் வழக்கறிஞர் அவர்களை அழைத்துப்போனார்.

அந்த 1967-ல் ஈஸ்ட்லண்ட் குடும்பப் பண்ணைக்கு வந்த பயிர்ப்பணம் ஒன்றரை லட்சம் டாலருக்கும் மேல். மிசிசிப்பியில் ஏழைக் குழந்தை ஒன்றுக்கு அரசு கொடுத்த உதவித்தொகை மாதத்துக்குப் பத்து டாலர் அளவில்தான் இருந்தது. முதலில் சொன்னதை ‘விவசாயத் திட்டம்’ என்றார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேசும்போது சோம்பேறித்தனத்தை வளர்க்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். இந்த இரண்டு தொகையையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த பிறகு என்னால் அமைதியாக இருக்க முடியவில்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

பெருந்தொகை வாங்கியவர்களின் பட்டியல் வெளியே வந்து, பத்திரிகைகள் எழுதி, கடைசியில் 1970-ல் காங்கிரஸ் ஓர் உச்சவரம்பு வைத்தது. ஒரு பயிருக்கு, ஒரு நபருக்கு 55,000 டாலருக்கு மேல் கிடையாது. நிலஉச்சவரம்புச் சட்டம் வந்தபோது நம் நாட்டில் என்ன நடந்தது என்று தெரிந்த வாசகர்கள் இதன் அடுத்த கட்டத்தை இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். பண்ணை ஒன்று, காகிதத்தில் பலவானது. மனைவி பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று, மருமகனும் சகோதரனும் கூட்டாளிகளாக ஒன்று, அந்தக் கூட்டுகள் சேர்ந்து இன்னொரு நிறுவனம். படமாக வரைந்தால் கிளை மேல் கிளையாக விரியும் என்பதால் இந்த உத்திக்கு ‘மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்’ என்று பெயர் வந்தது. 1987-ல் ஒருவர் மூன்று அமைப்புகள் வழியாகத்தான் வாங்கலாம் என்று கட்டுப்படுத்தினார்கள். 2018 சட்டமோ அண்ணன் தம்பி பிள்ளைகள், ஒன்றுவிட்ட சகோதரர்கள்வரை குடும்பம் என்று வரம்பை மறுபடி அகலமாக்கியது.

ஹேமர் வேறு வழியில் யோசித்தார். ஓட்டுரிமை வந்துவிட்டது, ஆனால் குடியிருக்கும் குடிசையும் சாப்பாடும் பண்ணையார் கையில் இருக்கும்வரை அந்த ஓட்டைத் தைரியமாகப் போட முடியாது என்பதை அவர் தம் அனுபவத்திலேயே கண்டவர். 1969-ல் நன்கொடை திரட்டி 40 ஏக்கர் நிலம் வாங்கி, சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். பின்னர் அது 600 ஏக்கருக்கு மேல் வளர்ந்தது. பாதிப் பட்டினியில் கிடந்த குடும்பங்கள் அங்கே பீன்ஸ், வெண்டை, சர்க்கரைவள்ளி, கீரை என்று தமக்கு வேண்டியதைத் தாமே விளைவித்தன. கடனை அடைக்கப் பருத்தியும் சோயாவும் போட்டார்கள். மாதச் சந்தா ஒரு டாலர், அதையும் கட்ட முடியாதவர்களே அதிகம்.

கூட்டுறவோடு சேர்ந்து ஒரு ‘பன்றி வங்கி’ நடந்தது. நீக்ரோ பெண்களின் தேசிய மன்றம் 35 பெண் பன்றிகளையும் 5 ஆண் பன்றிகளையும் கொடுத்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பெண் பன்றி. அது ஈன்றதும் குட்டிகளில் சிலவற்றை வங்கிக்குத் திருப்பித் தந்தால் போதும், மற்றவை வீட்டுக்கு. திருப்பித் தந்த குட்டி அடுத்த குடும்பத்துக்குப் போகும். குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளில் இறைச்சி இருந்தது. உழைக்கிற வீட்டு வாசலிலேயே உதவியைக் கொண்டுபோய் இறக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியாது.

கூட்டுறவு நிலைக்கவில்லை. இயற்கைச் சேதம், கடன், அனுபவமுள்ள நிர்வாகிகள் இல்லாத குறை, ஹேமரின் உடல்நலிவு எல்லாம் சேர்ந்தன. 1970களின் நடுவில் வரிப்பாக்கிக்காக நிலம் கைவிட்டுப் போனது. 1977 மார்ச் 14 அன்று ஹேமர் காலமானார்.

நாடு முழுவதும் 1920-ல் ஒன்பது லட்சத்துக்கு மேல் கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். 1997 கணக்கெடுப்பில் 20,000 பேர்கூட இல்லை. அந்த ஆண்டுதான் வட கரோலினா விவசாயி டிமத்தி பிக்ஃபோர்டும் மற்றவர்களும், கடனிலும் உதவியிலும் நிறம் பார்த்தார்கள் என்று வேளாண் துறை மீது வழக்குத் தொடுத்தார்கள். 1999 ஏப்ரலில் நீதிபதி பால் ஃபிரீட்மன் சமரசத்தை ஏற்றார். ஏறத்தாழ நூறு கோடி டாலர் வழங்கப்பட்டது, பெரும்பாலோருக்கு ஆளுக்கு 50,000 டாலர். காலக்கெடு தவறியவர்களுக்காக 2010-ல் இன்னொரு 125 கோடி டாலர். பாகுபாட்டுக்கு ஆளானவர்களுக்கு 2024-ல் மேலும் 200 கோடி டாலர், 43,000 பேருக்கு மேல் பிரித்து. அதில் பெரும்பகுதியினர் மிசிசிப்பி, அலபாமா மாநிலத்தவர். தாமதமானாலும் கிடைத்ததே என்று மகிழ வேண்டியதுதான். போன நிலம் மட்டும் திரும்பி வரவில்லை.

இன்றைய சன்ஃபிளவரில் சோயா, மக்காச்சோளம், நெல், கொஞ்சம் பருத்தி, கெளுத்தி மீன் குளங்கள். பயிர்ப்பணம் இப்போது ‘அடிப்படை ஏக்கர்’ என்ற பழைய கணக்கை வைத்துக் கொடுக்கப்படுகிறது. அதாவது, அந்த நிலத்தில் முன்பு என்ன பயிர் எத்தனை ஏக்கரில் இருந்தது என்பதே அளவு. இந்த ஆண்டு அதைப் பயிரிட வேண்டும் என்றுகூட இல்லை. 1940-லோ 1960-லோ துரத்தப்பட்டவரின் பேரனுக்கு அப்படி ஒரு கணக்கு எப்படி இருக்கும்? 2021-ல் இதே கவுண்டியின் ஒரு பண்ணை மீது கறுப்பினத் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து தற்காலிக விசாவில் வரவழைத்த வெள்ளைத் தொழிலாளர்களுக்கு, அதே வேலைக்குத் தங்களைவிடக் கூடுதல் கூலி கொடுத்தார்கள் என்பது புகார். 2022 கடைசியில் அது சமரசத்தில் முடிந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய சட்டம், பயிர்ப்பண உச்சவரம்பை ஆளுக்கு 1,25,000 டாலரிலிருந்து 1,55,000 டாலராகக் கூட்டியது, பருத்திக்கான ஆதார அளவையும் ஏற்றியது. ஏழைகளின் உணவு உதவியைப் பெருமளவு வெட்டியதும் அதே சட்டம்தான். 1967-ல் இரண்டு தாள்களில் இருந்தது, இப்போது ஒரே தாளில் வந்துவிட்டது.

அமெரிக்கப் பருத்தி மானியத்தை உலக வர்த்தக அமைப்பில் எதிர்த்து பிரேசில் 2002-ல் வழக்குத் தொடுத்து வென்றது. மாலி, பெனின், சாடு, புர்கினா ஃபாசோ ஆகிய நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் 2003-ல் குரல் எழுப்பின. அந்த மானியம் உலக விலையைக் கீழே அழுத்துகிறது, மானியமே இல்லாத தங்கள் விவசாயி அதில் நசுங்குகிறார் என்பது அவர்களின் வாதம். அது தனியாக எழுத வேண்டிய பெரிய கதை.

நம் நாட்டுக்கும் இந்தக் கேள்வி நேராகவே வந்து நிற்கிறது. 2019-ல் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை, மூன்று தவணையாக, நிலம் தம் பெயரில் உள்ள குடும்பங்களுக்குத் தருகிறது. குத்தகைக்கு உழுபவருக்கு அதில் இடமில்லை. ஏறக்குறைய அதே சமயம் ஒடிசா தொடங்கிய காலியா திட்டம், நிலமற்ற தொழிலாளர்களையும் வாரத்துக்கு உழுபவர்களையும் பட்டியலில் சேர்த்தது. செய்ய முடியாத காரியம் இல்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். பட்டா இல்லாதவரை எப்படி அடையாளம் காண்பது என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். வாய்மொழிக் குத்தகைதான் பெரும்பாலும் நடக்கிறது, எழுத்தில் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகுமோ என்ற பயம் சொந்தக்காரருக்கு என்பதும் உண்மை. சிறு நிலக்காரரின் அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் வயலில் யார் நிற்கிறார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ‘இயன்றவரை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துகொள்ளாமல், அவர் பெயரை எழுத ஒரு வழியை நாம் கண்டுபிடித்தாக வேண்டும்.

விவசாயத்துக்கு அரசு பணம் தரக் கூடாது என்று சொல்பவர்களோடு நான் இல்லை. மழையையும் விலையையும் தனி ஆளாகத் தாங்க எந்த விவசாயியாலும் முடியாது, மிசிசிப்பியிலும் முடியாது, மன்னார்குடியிலும் முடியாது. கொடுங்கள், இன்னும் கூடுதலாகவே கொடுங்கள் என்றுதான் இந்தப் பத்திரிகை கேட்கும். உழுபவர் கைக்குப் போகிறதா என்பதையும் சேர்த்தே கேட்கும்.

அதற்கு உங்கள் உதவி வேண்டும். குத்தகைக்கோ வாரத்துக்கோ உழும் வாசகர்கள், அல்லது நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் வாசகர்கள், உங்கள் ஊரில் வெள்ள நிவாரணமும் பயிர்க் காப்பீட்டுத் தொகையும் மற்ற உதவிகளும் கடைசியாக யார் கணக்கில் ஏறின, அது இருவருக்குள் எப்படிப் பங்கிடப்பட்டது, அடங்கலில் உங்கள் பெயரைச் சேர்க்க என்ன பாடுபட்டீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். சொந்தக்காரர் தாமாகவே முழுத் தொகையையும் உழுதவரிடம் கொடுத்த ஊர்களும் இருக்கும், அவற்றையும் அவசியம் எழுதுங்கள். ஊர்ப் பெயர் போதும், ஆட்களின் பெயரை வெளியிட மாட்டோம். அஞ்சலட்டையாக இருந்தாலும் படிப்போம், கையெழுத்து எப்படி இருந்தாலும் படிப்போம். வரும் கடிதங்களைத் தொகுத்து அடுத்த இதழிலிருந்து வெளியிட இடம் ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்